பாரிஸில் பிராண்டட் பை வாங்கப் போகிறீர்களா? கணக்கு முதல் சுங்கம் வரை

"பாரிஸில் வாங்கினால் மலிவு, டாக்ஸ் வேறு திரும்பக் கிடைக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி ஷான்ஸெலிஸே போய் இறங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. விலை குறைவுதான், வரியும் திரும்பக் கிடைக்கும். ஆனால் கடையில் பார்க்கும் விலைக்கும், அந்தப் பை உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்து சேரும்போது ஆகியிருக்கும் செலவுக்கும் நடுவே வங்கி, ரீஃபண்ட் நிறுவனம், பிரெஞ்சு சுங்கம், இந்தியச் சுங்கம் என்று நான்கு பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் என்ன காகிதம் காட்ட வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் லாபம். தெரியாமல் போனால் அதே பையை மும்பையிலோ பெங்களூரிலோ வாங்கியிருக்கலாமே என்று ஆகிவிடும்.

முதல் தடவை போகிறவர்களுக்காக, இந்தியாவிலிருந்து போய்த் திரும்பும் சுற்றுலாப் பயணியை மனத்தில் வைத்து எழுதியது இது. கொழும்புக்குத் திரும்புகிறவர்களுக்கும் பாரிஸ் பகுதி அப்படியே பொருந்தும். கடைசிப் படிக்கு மட்டும் இலங்கைச் சுங்க விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கம், வைரம் வாங்குவதற்கு விதிகள் வேறு, அதை இங்கே தொடவில்லை.

1. டிக்கெட் போடும் முன் முழுக் கணக்கைப் போடுங்கள்

வாங்க நினைக்கும் பொருளின் யூரோ விலையை அந்த பிராண்டின் பிரெஞ்சு இணையதளத்திலேயே பார்க்கலாம். இந்திய விலையும் வேண்டும். டெல்லியின் டிஎல்எஃப் எம்போரியோ, மும்பையின் ஜியோ வேர்ல்ட் பிளாசா, பெங்களூரின் யூபி சிட்டி போன்ற இடங்களில் உள்ள கடைகளுக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள்.

உதாரணத்துக்கு 2,000 யூரோ பை ஒன்று. கணக்கு எளிதாக இருக்க 1 யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடை விலை 2,00,000 ரூபாய். பிரான்ஸில் இந்த வகைப் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். அது விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 20 சதவீத வரி என்றால் 2,000 யூரோவில் 400 யூரோ அல்ல. வரி சேர்வதற்கு முந்தைய விலை 1,666.67, வரி 333.33. அதாவது நீங்கள் கொடுக்கும் தொகையில் 16.67 சதவீதம்தான் வரி. அதிலும் வரியைத் திருப்பித் தரும் வேலையைச் செய்யும் ரீஃபண்ட் நிறுவனமும் கடையும் தங்கள் கட்டணத்தை எடுத்துக்கொள்கின்றன. கைக்கு வருவது பெரும்பாலும் 10 முதல் 12 சதவீதம். 12 என்றே வைத்தால் 24,000 ரூபாய்.

கார்டில் கட்டினால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் உண்டு. பல இந்திய கார்டுகளில் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 4.13 சதவீதம், அதாவது 8,260 ரூபாய்.

அடுத்தது இந்தியச் சுங்கம். 2016ஆம் ஆண்டு பேகேஜ் விதிகள் ஒரு பயணிக்கு 50,000 ரூபாய் வரை தீர்வை இல்லாமல் விட்டன. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 38.5 சதவீதம். இந்த எண்கள் அரசு அறிவிக்கையால் மாறக்கூடியவை, ஆகவே கிளம்பும் வாரத்தில் சுங்கத் துறையின் இணையதளத்தில் அன்றைய வரம்பையும் விகிதத்தையும் பார்த்து, கீழுள்ள கணக்கில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அதிகாரி ரசீதில் உள்ள முழு விலையையே எடுப்பார் என்று வைத்தால், 1,50,000 ரூபாய்க்கு 38.5 சதவீதம் 57,750.

கூட்டினால்: 2,00,000 − 24,000 + 8,260 + 57,750 = 2,42,010 ரூபாய்.

இந்தியக் கடையில் அந்தப் பை இதைவிட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். வித்தியாசம் பத்து, பதினைந்தாயிரம்தான் என்றால் இங்கேயே வாங்குவது மேல். பழுது பார்க்க, மாற்ற, அதே கடைக்கே போகலாம். பாரிஸ் பயணம் உண்மையில் லாபம் தருவது வரம்புக்குள் அடங்கும் பொருள்களில்தான். பர்ஸ், கார்டு ஹோல்டர், பெல்ட், பட்டு ஸ்கார்ஃப், வாசனைத் திரவியம், சின்னக் கைப்பை. இந்தியாவில் கிடைக்கவே கிடைக்காத மாடலுக்கும் பாரிஸ் போகலாம். மற்றதற்கெல்லாம் முதலில் மேலே உள்ள கூட்டல் கழித்தல்.

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போனால் வரம்பு இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு வரம்பு. இரண்டையும் சேர்த்து ஒரே பைக்குப் பயன்படுத்த முடியாது.

2. வரியைத் திரும்பப் பெற உங்களுக்குத் தகுதி உண்டா?

பிரான்ஸில் இதன் பெயர் 'தெதாக்ஸ்'. கடைக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொன்னாலே போதும். நிபந்தனைகள் இவை: வயது 16 நிறைந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும். பிரான்ஸில் தங்குவது ஆறு மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஒரே கடையில், அதிகபட்சம் மூன்று நாளுக்குள், வரியோடு சேர்த்து 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய மாதம் போக, அடுத்த மூன்றாவது மாதக் கடைசிக்குள் பொருளோடு ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும்.

பார்ப்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை. நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பாரிஸின் தமிழர் பகுதியான லா ஷாப்பெல்லில் குடியிருக்கும் உங்கள் சித்தப்பா மகன் இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவருக்குத் தெதாக்ஸ் கிடையாது, ஏனென்றால் அவர் பிரான்ஸ்வாசி. மேற்படிப்புக்கு நீண்டகால விசாவில் போயிருக்கும் மாணவருக்கும் கிடையாது. அதே சமயம் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் நிரந்தரமாக வசிப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் தன் வசிப்பிடம் ஒன்றியத்துக்கு வெளியே என்று நிரூபிக்கும் ஆவணத்தைக் கடையிலும் சுங்கத்திலும் காட்ட வேண்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் மறுத்துவிடுவார்கள்.

"நீ டாக்ஸ் ஃப்ரீ போட்டு வாங்கிக் கொடு, நான் பாரிஸிலேயே வைத்துக்கொள்கிறேன்" என்று உறவினர் கேட்டால் அன்பாகவே மறுத்துவிடுங்கள். கடை போட்டுத் தரும் தெதாக்ஸ் படிவத்தில் இருப்பது உங்கள் பெயர். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி "பொருளைக் காட்டுங்கள்" என்றால் காட்டப் பை இருக்காது. படிவம் ரத்தாகும், அபராதமும் வரலாம்.

3. எப்போது போவது?

பிரான்ஸில் தள்ளுபடிக் காலம் சட்டப்படி வருடத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றும் நான்கு வாரம். குளிர்காலத் தள்ளுபடி ஜனவரி இரண்டாவது புதன்கிழமை தொடங்கும். அந்தப் புதன் 12ஆம் தேதிக்குப் பிறகு வந்தால் தொடக்கம் முதல் புதன்கிழமைக்கே மாற்றப்படும். 2026இல் அப்படித்தான் ஜனவரி 7 வந்தது. கோடைத் தள்ளுபடி பெரும்பாலும் ஜூன் கடைசிப் புதன்கிழமை.

தள்ளுபடியில் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பருவத்து உடை, காலணி. லூயி வுய்த்தான் தள்ளுபடியே செய்வதில்லை. ஷனேல், ஹெர்மெஸ் போன்றவற்றின் நிரந்தர மாடல் தோல் பைகளும் தள்ளுபடிக்கு வராது. ஆகவே உங்களுக்கு வேண்டியது கிளாசிக் கைப்பை என்றால் ஜனவரிக் குளிருக்கும் கூட்டத்துக்கும் காத்திருப்பதில் பயனில்லை.

பிப்ரவரி கடைசி முதல் மார்ச் முதல் வாரம் வரையும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் முதல் வாரம் வரையும் ஃபேஷன் வீக். அறை வாடகை ஏறும், பெரிய கடைகளில் நெரிசல். மே 1 அன்று எல்லாமே மூடியிருக்கும். ஆகஸ்டில் சிறு கடைகள் விடுமுறைக்குப் பூட்டிவிடும், பெரிய கடைகள் திறந்திருக்கும். வாரத்தில் செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை கடை திறக்கும் நேரமே நல்லது. சனிக்கிழமை மதியம் போனால் வாசலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

பயணத்தில் லண்டன், ஜூரிச், பாரிஸ் மூன்றும் இருந்தால் பாரிஸைக் கடைசியாக வையுங்கள். பிரிட்டனில் சுற்றுலாப் பயணிகள் கடையில் வாங்கிக் கையோடு எடுத்துவரும் பொருளுக்கு வரி திரும்பத் தரும் வழக்கம் 2021 ஜனவரி 1 முதல் இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாத நாடு. பாரிஸில் வாங்கிவிட்டு ரயிலில் லண்டனுக்கோ ஜெனீவாவுக்கோ போனால், ஒன்றிய எல்லையை அங்கேயே தாண்டிவிடுகிறீர்கள். கிளம்பும் முன்பே படிவத்தைச் சுங்கத்தில் உறுதி செய்தாக வேண்டும், அடுத்த நாட்டின் சுங்க வரம்பும் குறுக்கே வரும்.

விமானமும் அப்படித்தான். பாரிஸிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி, டெல்லி என்று நேராக ஒன்றியத்தை விட்டு வெளியேறும் டிக்கெட் போட்டால் பாரிஸிலேயே எல்லாம் முடியும். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறுவதாக இருந்து பை உங்கள் கைச்சாமானில் இருந்தால், ஜெர்மன் சுங்கத்திடம் காட்டி முத்திரை வாங்க வேண்டியிருக்கும். அதற்கு ஒன்றரை மணி நேர இடைவெளி போதாது.

4. பணம், கார்டு

இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் போய்த் திறந்து, ஒரு பரிவர்த்தனைக்கான உச்சவரம்பையும் உயர்த்தி வையுங்கள். சிப் கார்டு, அதன் நாலு இலக்கப் பின் எண் இரண்டும் வேண்டும். பின் மறந்து போய்க் கடையில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டு கையில் இருக்கட்டும். பெரிய தொகையைப் பார்த்ததும் வங்கியின் மோசடித் தடுப்பு முறை முதல் கார்டை நிறுத்திவிடலாம். இந்திய எண்ணுக்கு ரோமிங் போட்டு வையுங்கள், வங்கியின் குறுஞ்செய்தி வர வேண்டும்.

கட்டணம் கட்டும் இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்கும். எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் இயந்திரக்காரர் தன் விருப்பப்படி மாற்று விகிதம் போடுவார், அது உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

ரொக்கம் அதிகம் கொண்டுபோக வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி பெரும்பாலான நாடுகளுக்குப் போகும்போது நோட்டாக எடுத்துச் செல்லக்கூடியது 3,000 அமெரிக்க டாலர் மதிப்புதான். கலெரி லஃபாயெத்தின் ஓஸ்மான் கடையில் 2024 ஜூலை முதல் யூபிஐ வழியாகவும் கட்டலாம். சின்ன வாங்கலுக்கு வசதி, பெரிய பைக்கு அதையே நம்ப வேண்டாம்.

5. எங்கே வாங்குவது?

நேரம் குறைவு, பல பிராண்ட் பார்க்க வேண்டும் என்றால் பூல்வார் ஓஸ்மானில் அடுத்தடுத்து நிற்கும் கலெரி லஃபாயெத், ப்ரேந்தாம். நடுத்தர பிராண்ட் பலவற்றில் வாங்கியதைச் சேர்த்து ஒரே தெதாக்ஸ் படிவம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே கூரைக்குள் இருக்கும் சில பெரிய பிராண்டுகள் தனி ரசீது, தனிப் படிவம் போடும். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். சென் ஆற்றின் இடது கரையில் ரூ தெ ஸெவ்ரில் உள்ள லெ பொன் மார்ஷே அமைதியானது, விற்பனையாளர்கள் பொறுமையாகப் பேசுவார்கள். முதல் தடவை போகிறவருக்கு அதையே சிபாரிசு செய்வேன்.

ஒரே பிராண்டுக்காகப் போகிறீர்கள் என்றால் அதன் சொந்தக் கடைதான் சரி. இருப்பும் நிறமும் அங்கேதான் அதிகம். டியோர் 30, அவென்யூ மோந்தேன். ஷனேல் 31, ரூ காம்போன். லூயி வுய்த்தான் 101, ஷான்ஸெலிஸே. ஹெர்மெஸ் 24, ரூ து ஃபோபூர் சேந்த் ஒனோரே. கோயார் 233, ரூ சேந்த் ஒனோரே. ஷனேல் தன் கைப்பைகளை இணையத்தில் விற்பதில்லை, நேரில்தான் போக வேண்டும்.

ஹெர்மெஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பர்கின், கெல்லி என்ற கைப்பைகளைக் கேட்டு நேராகப் போனால் தோல் பைப் பகுதியில் உட்காரவே விடமாட்டார்கள். பாரிஸின் மூன்று கடைகளுக்கும் (ஃபோபூர், ஜார்ஜ் ஐந்து, ஸெவ்ர்) முந்தைய நாளே இணையத்தில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் எண், கைபேசி எண் கொடுக்க வேண்டும். குலுக்கல் மாதிரி, கிடைத்தால் செய்தி வரும். விண்ணப்பித்த அதே பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். நேரம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பை கிடைக்கும் என்று உறுதி இல்லை, அன்றைய இருப்பில் எது இருக்கிறதோ அதைத்தான் காட்டுவார்கள். பாரிஸில் நாலைந்து நாள் இருப்பவர் தினமும் விண்ணப்பிக்கலாம். பட்டு ஸ்கார்ஃப், டை, பெல்ட், வாசனைத் திரவியத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, நேராகப் போகலாம்.

விலை குறைவாக வேண்டும் என்றால் செரிஸ் ஊரில் உள்ள லா வல்லே வில்லேஜ். ஆர்.இ.ஆர் 'ஏ' ரயிலில் வால் தெரோப் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடை, டிஸ்னிலாந்துக்கு முந்தைய நிலையம். பர்பெரி, அர்மானி போன்றவை உண்டு. போன பருவத்துச் சரக்கு. லூயி வுய்த்தான், ஷனேல், ஹெர்மெஸ் அங்கே கிடையாது. அதற்காக அரை நாளை வீணாக்க வேண்டாம்.

பழைய பிராண்டட் பை விற்கும் கடைகள் பாரிஸில் ஏராளம், நல்ல கடைகளும் உண்டு. ஆனால் பழைய பொருளுக்குப் பொதுவாகத் தெதாக்ஸ் கிடைக்காது. விலையை ஒப்பிடும்போது அந்த 12 சதவீதத்தைக் கணக்கில் எடுங்கள். தெருவில், சந்தையில் விற்கும் போலிப் பையைத் தொடவே வேண்டாம். பிரான்ஸில் போலியை வைத்திருப்பதே குற்றம். 3 ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் வரை சட்டத்தில் இடம் உண்டு. சுங்க அதிகாரி பார்த்தால் பறிமுதல்தான்.

முதலைத் தோல், மலைப்பாம்புத் தோல் பொருள்களும் புதியவருக்கு வேண்டாம். வன உயிரின வர்த்தகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் அவற்றுக்குத் தனி ஆவணங்கள் தேவைப்படும். காகிதம் சரியில்லை என்றால் பொருளே போய்விடும்.

6. கடைக்குள்

நுழைந்ததும் "பொன்ழூர்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சு. பிரான்ஸில் அது வெறும் உபசாரம் இல்லை. அதைச் சொல்லாமல் நேரே "இது எவ்வளவு?" என்று கேட்டால் முகம் கொடுக்கமாட்டார்கள், பிறகு கடை மீது கோபப்பட்டுப் பயனில்லை. அலமாரியிலிருந்து நீங்களே பையை எடுக்காதீர்கள். ஒரு விற்பனையாளரை உங்களுக்கென ஒதுக்குவார்கள், கடைசி வரை அவரோடுதான் பேச்சு.

மாடலின் பெயர், அளவு, நிறத்தைக் கைபேசியில் படமாக வைத்திருங்கள். உடைக்கு அளவு எண் குழப்பும். பெண்களுக்கு பிரெஞ்சு 38 என்பது பிரிட்டிஷ் 10, இத்தாலிய பிராண்டில் அதுவே 42. காலணியில் இத்தாலிய 38, பிரெஞ்சு 39க்குச் சமம். போட்டுப் பார்க்காமல் ஊரில் இருப்பவருக்காக வாங்குவது நல்லதல்ல. ஏனென்றால் கடையில் நேரில் வாங்கிய பொருளை "பிடிக்கவில்லை" என்று திருப்பித் தரும் உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். எத்தனை நாளுக்குள் மாற்றலாம், இந்தியக் கடையில் மாற்ற முடியுமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். தெதாக்ஸ் போட்ட பொருளை மாற்ற வேண்டுமானால் பழைய படிவத்தை முதலில் ரத்து செய்தாக வேண்டும்.

பணம் கட்டும் முன் பையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்: தையல் கோடு நேராக ஓடுகிறதா, ஜிப் இரண்டு முனை வரை தடையில்லாமல் போகிறதா, உலோகப் பகுதியில் கீறல் உண்டா, உள்துணியில் கறை உண்டா. காட்சிக்கு வைத்திருந்ததைத் தருகிறார்களா என்று கேட்கலாம், தப்பில்லை. புதியதை எடுத்து வருவார்கள்.

வாசலில் யாராவது வந்து "என்னிடம் பணம் இருக்கிறது, எனக்காக ஒரு பை வாங்கித் தாருங்கள், கமிஷன் தருகிறேன்" என்று கேட்கலாம். மறுவிற்பனைக்காரர்கள் இவர்கள். பிராண்டுகள் ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வைப்பதால் சுற்றுலாப் பயணிகளின் பாஸ்போர்ட்டைத் தேடி வருகிறார்கள். சம்மதித்தால் அந்தக் கொள்முதல் உங்கள் பெயரில் பதிவாகும், உங்களுக்கு வேண்டிய பை கிடைக்காமல் போகும், படிவத்துக்கும் நீங்களே பொறுப்பு.

7. படிவம்: கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அசல் பாஸ்போர்ட் கொண்டுபோங்கள். சில கடைகள் கைபேசிப் படத்தை ஏற்கும், பல கடைகள் ஏற்காது. வாங்கிய பிறகு இன்னொரு நாள் வந்து கேட்டால் போட்டுத் தர மறுக்கலாம்.

கையில் வரும் படிவத்தில் ஒரு பார்கோடு, உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், நாடு, பொருளின் விவரம், மொத்தத் தொகை, திரும்பக் கிடைக்கும் தொகை, எந்த வழியில் வேண்டும் என்ற தேர்வு, கையெழுத்து இருக்கும். அங்கேயே நின்று ஒவ்வொன்றையும் பாருங்கள். நம் பெயர்களில் தவறு விழுவது சகஜம். இன்ஷியல் எங்கே, குடும்பப் பெயர் எது என்று அவர்களுக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எழுத்து மாறினால்கூட விமான நிலையத்தில் திருத்த முடியாது.

பணம் திரும்பப் பெற மூன்று வழி. கார்டுக்கு வரவு: சில வாரம் ஆகும், கழிவு குறைவு. விமான நிலையத்தில் ரொக்கம்: உடனே கிடைக்கும், கூடுதல் கட்டணம், கூடவே வரிசை. நகரத்திலேயே முன்பணம்: கடையிலோ ரீஃபண்ட் நிறுவனத்தின் முகப்பிலோ அப்போதே தந்துவிடுவார்கள், ஆனால் உங்கள் கார்டைப் பிணையாக வைப்பார்கள். படிவத்தில் எழுதியிருக்கும் கெடுவுக்குள் சுங்கத்தில் உறுதி செய்யாவிட்டால் கொடுத்த தொகையைக் கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், அபராதமும் சேர்த்து. முன்பணம் வாங்கியவர் "பணம் வந்தாச்சே" என்று விமான நிலையத்தில் படிவத்தை மறந்துவிடுவதுதான் இருப்பதிலேயே அதிகம் நடக்கும் தவறு. முதல் தடவைக்குக் கார்டு வரவே போதும்.

எல்லாப் படிவத்தையும் ரசீதையும் அன்றிரவே படமெடுத்து வையுங்கள். பையைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டாம். சுங்கத்தில் காட்டும்போது புதிதாக, ரசீதோடு இருக்கட்டும்.

8. சார்ல் தெ கோல் விமான நிலையத்தில்

பிராண்ட் பெயர் பொறித்த பெரிய காகிதப் பைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போக வேண்டாம். ஜேப்படிக்காரர்களுக்கு அது அழைப்பு. வெற்றுப் பெட்டிக்குள் வையுங்கள், அல்லது டாக்ஸி எடுங்கள். உரிமம் பெற்ற டாக்ஸிக்குக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது: 2025இல் நகரத்தின் வலது கரைக்கும் விமான நிலையத்துக்கும் இடையே 56 யூரோ, இடது கரைக்கு 65 யூரோ.

விமானம் கிளம்ப நாலு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். சாமானை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன், 'தெதாக்ஸ்' பலகை உள்ள இடத்துக்குப் போக வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டுப் போனால், அதிகாரி பொருளைக் கேட்டால் காட்ட முடியாது.

அங்கே 'பாப்லோ' என்ற இயந்திரங்கள் இருக்கும். மொழியைத் தேர்ந்தெடுத்து, படிவத்தின் பார்கோடைக் கண்ணாடி மீது பிடித்தால் போதும். திரையில் பச்சை வந்து படிவம் ஏற்கப்பட்டதாகச் சொன்னால் அந்தப் படிவம் முடிந்தது, முத்திரை வேண்டாம். சிவப்பு வந்தால் பதற வேண்டாம், பக்கத்திலேயே உள்ள சுங்க முகப்புக்குப் பொருள், ரசீது, பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் அல்லது டிக்கெட்டோடு போங்கள். மூன்று படிவம் இருந்தால் மூன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும், ஒன்றைக் காட்டினால் மற்றவை தானாக முடியாது. ஒவ்வொரு பச்சைத் திரையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பணம் வரவில்லை என்று புகார் செய்யும்போது உதவும்.

ரொக்கம் தேர்ந்தெடுத்தவர்கள் இதற்குப் பிறகுதான் ரீஃபண்ட் முகப்புக்குப் போக வேண்டும். படிவத்தை உறுதி செய்யாமல் ஊர் வந்துவிட்டால், பொருளுக்கு இந்தியாவில் தீர்வை கட்டிய ரசீதை வைத்து பிரெஞ்சுச் சுங்கத்துக்கு எழுதிப் பார்க்கலாம். நீண்ட வேலை, கிடைக்கும் என்று நம்பி விட்டுவிட வேண்டாம்.

வாசனைத் திரவியம் 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பி என்றால் பாப்லோ முடிந்தபின் செக்-இன் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கைப்பை, கைக்கடிகாரம் உங்களோடு கைச்சாமானில். பெட்டிக்குள் போட்டுத் தொலைத்தால் விமான நிறுவனம் தரும் இழப்பீடு அந்தப் பையின் விலைக்கு ஈடாகாமல் போகலாம்.

9. இந்தியாவில் இறங்கியதும்

வரம்புக்கு மேல் வாங்கியிருந்தால், தீர்வை கட்ட வேண்டிய பொருள் இருப்பதாக அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழி. ரசீதை நீங்களே எடுத்து நீட்டுங்கள். ரசீது இல்லாவிட்டால் அதிகாரி தன் மதிப்பீட்டில் விலை போடுவார், அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். தள்ளுபடியில் வாங்கியிருந்தால் ரசீதுதான் உங்களுக்கு ஒரே ஆதாரம். தீர்வை கட்டும் அளவு கார்டில் இருப்பு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பச்சை வழியில் போனால் தெரியாது என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எந்த பிராண்ட், என்ன விலை என்று அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும். அறிவிக்காமல் மாட்டினால் பறிமுதல், அதன்மேல் அபராதம். மிச்சப்படுத்த நினைத்ததைவிடப் பல மடங்கு போகும்.

தீர்வை கட்டிய ரசீதைப் பையின் வாங்கிய ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தடவை அதே பையோடு வெளிநாடு போகும்போது, சென்னையில் கிளம்பும் முன் புறப்பாட்டுப் பகுதியில் உள்ள சுங்க அதிகாரியிடம் பையையும் இந்த ரசீதுகளையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் விலை உயர்ந்த கைக்கடிகாரத்தைப் பாரிஸ் பயணத்தில் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே யோசனைதான். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால், திரும்பி வரும்போது பழைய பொருளுக்குப் புதிதாகத் தீர்வை கேட்க மாட்டார்கள்.